எல்லாவற்றுக்கும் எண்ணெயா?

சைக்கிள் மிதிக்கக் கனத்தால் செயினுக்கு எண்ணெய். கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு எண்ணெய். பூட்டு திறக்க மறுத்தால் சாவித் துளைக்குள் எண்ணெய். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதற்கும் ஏணி போட்டு ஏறி நாலு சொட்டு. வீட்டில் எது முரண்டு பிடித்தாலும் நம் கை முதலில் போவது எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். அசைகிற பொருளில் வருகிற கோளாறெல்லாம் உராய்வால் வருவது, உராய்வுக்கு மருந்து எண்ணெய் என்பது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி செயினைத் தேய்க்கிறது, பூட்டை அடைக்கிறது, சில சமயம் ஆளையே கீழே தள்ளிவிடுகிறது. கனமும் சத்தமும் வெறும் அறிகுறிகள். கோளாறு எங்கே என்று பார்க்காமல் எண்ணெயை விட்டால் அறிகுறி சில நாள் அடங்கியிருக்கும். கோளாறு இருந்த இடத்திலேயே வளரும்.

வண்டி கனக்கிறது என்றால் செயின் வறண்டுவிட்டது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் 1999-இல் மிதிவண்டிச் செயினை ஆய்வகத்தில் ஓட்டி, மிதிக்கும் சக்தியில் எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார்கள். நல்ல நிலையில் 98.6 விழுக்காடு வரை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செயினின் இறுக்கமும் பல்சக்கரத்தின் அளவும் இந்தக் கணக்கை மாற்றின. எண்ணெயோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை. உள்ளே அழுக்கு நுழையாதபடி இடத்தை அடைத்துக்கொள்வதுதான் எண்ணெயின் வேலை என்கிற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஆய்வகம் தூசியற்ற இடம், சோதனையும் சில மணி நேரத்தில் முடிவது. நம் தெருவில் வறண்ட செயின் துருப்பிடிக்கும், கண்ணி இறுகும், அப்போது கனக்கத்தான் செய்யும். ஆனால் துருவின்றி வளைந்து கொடுக்கிற செயினுக்கு மேலும் மேலும் எண்ணெய் விட்டு வண்டியை இலேசாக்கப் பார்ப்பது வீண் வேலை.

கனம் பெரும்பாலும் டயரில் இருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலுக்குக் கூலி கொடுப்பது நம் கால். இங்கே இன்னொரு நம்பிக்கை குறுக்கே நிற்கிறது: வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்காவிட்டால் டியூப் வெடித்துவிடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் 50 பவுண்டு அடித்த டயர் வெயிலில் 55 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 56 அல்லது 57 பவுண்டு ஆகும். நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெயிலில் வெடிக்கும் டியூப் பெரும்பாலும் பக்கவாட்டில் நூல் தெரியும் அளவுக்குக் கிழிந்த டயருக்குள் இருந்தது. காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் ரிம்மில் நழுவி வால்வின் கழுத்து அறுபடும், கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவே வழிகாட்டி. இரவு அடித்த காற்று காலையில் இறங்கியிருந்தால் பஞ்சர் என்று முடிவு கட்டுமுன் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால் டியூப் இற்றுப்போயிருக்கிறது. சில்லறைச் செலவு.

டயரும் சரியாக இருந்து இன்னும் கனத்தால் முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றி விடுங்கள். அது நிற்கப் போகும்போது, கனமான வால்வுப் பக்கம் கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஊசலாடி ஓய வேண்டும். வெடுக்கென்று நின்றால் ஒன்று பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, அல்லது அச்சில் பால்ஸ் என்கிற எஃகுக் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கிறது. இறுகிய கோனுக்கு எண்ணெய் விட்டால் பால்ஸ் கப்பில் பள்ளம் போடுவது நிற்காது. கால் திருகு தளர்த்தினால் நின்றுவிடும்.

இனி செயினுக்கு எண்ணெயே வேண்டாமா என்றால், வேண்டும், எங்கே என்பதுதான் பேச்சு. ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் செயினின் அமைப்பே இன்றும் நம் வண்டியில் ஓடுகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல், அதற்கு மேல் ஓர் உருளை. தேய்மானம் நடப்பது ஊசிக்கும் குழலுக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கண்ணுக்குத் தெரிகிற வெளித்தகட்டில் பளபளக்கும் எண்ணெய்க்கு அங்கே தூசியைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நம் தெருப் புழுதியில் இருக்கும் மணலில் குவார்ட்ஸ் உண்டு, அதன் கடினம் சாதாரண எஃகைவிட அதிகம். மோட்டார் மெக்கானிக் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் பயன்படுத்துகிற கிரைண்டிங் பேஸ்ட் என்பது கிரீஸில் குழைத்த கடினமான பொடிதான். எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடுகிற செயினில் அதே பேஸ்ட்டைத்தான் நாம் வீட்டிலேயே தயாரிக்கிறோம். காலில் படுகிற அந்தக் கறுப்பு மை, செயினிலிருந்து உதிர்ந்த இரும்பும் தெருமண்ணும் கலந்த கலவை.

ஆகவே பாதி வேலை எண்ணெய் விடுவது, பாதி வேலை துடைப்பது. செயினின் கீழ் ஓட்டத்தில், உட்பக்கமாக, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுச் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியால் செயினை இறுகப் பிடித்து, துணியில் கறை குறையும்வரை துடைத்தெடுக்க வேண்டும். கை வைத்தால் ஒட்டாத செயின்தான் சரியாக எண்ணெய் விட்ட செயின். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் செயின் கிரீஸோடுதானே வருகிறது, நாம் கிரீஸ் தடவினால் என்ன தப்பு என்று கேட்கலாம். அங்கே கிரீஸை உருக்கி, சூடாக, ஊசி வரை இறங்கும்படி ஏற்றுகிறார்கள். நாம் குளிர்ந்த கிரீஸை விரலால் தடவினால் அது வெளியில்தான் நிற்கும்.

எந்த எண்ணெய் என்பதில் நம்பிக்கைகள் இன்னும் வலுவானவை. தேங்காய் எண்ணெய் உலோகத்துக்கு இடையே நன்றாகவே வழுக்கும், அதை மறுப்பது சரியல்ல. தாவர எண்ணெய்களிலேயே ஆமணக்கு முதல் உலகப் போர்க்கால விமான என்ஜின்களில் ஓடியது. நம் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட மையிலும் விளக்கெண்ணெய் உண்டு. தேங்காய் எண்ணெயின் குறை, அது நிலைக்காதது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழியில் தலைக்குத் தடவும் புட்டியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும், அந்தச் சிக்கில் உருவாகும் அமிலம் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். மண்ணெண்ணெய் எண்ணெயே அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். அது கழுவ உதவும். கழுவிய பிறகு உள்ளே இருந்த கிரீஸும் போய்விடுவதால், உலரவிட்டுப் புதிதாக எண்ணெய் விடாவிட்டால் செயின் முன்னைவிட வேகமாகத் தேயும். பைக்கிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது மட்டுமே அதன் சிறப்பு. அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கின்றன, தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன.

நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூடி-40 பற்றி இரு தரப்பிலும் மிகைப்பேச்சு. ஒரு தரப்பு அதைச் சர்வரோக நிவாரணி என்கிறது, மறு தரப்பு அது மசகே அல்ல என்கிறது. 1953-இல் சான் டியேகோவில் ஒரு சிறு நிறுவனம், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டும் திரவமாக அதை உருவாக்கியது. அதில் கொஞ்சம் எண்ணெயும் உண்டு, ஆனால் மெல்லிய படலம், செயினின் சுமைக்கு நெடுநாள் தாங்காது. மழையில் நனைந்த செயினுக்கும் துருவேறிய நட்டுக்கும் நல்லது. அதற்குப் பிறகு உண்மையான எண்ணெய் தேவை. அதற்காக நூற்றுக்கணக்கில் விலை சொல்கிற செயின் எண்ணெய்தான் வாங்க வேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. தையல் மெஷின் எண்ணெய் போதும். மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தாவின் வண்டி தேங்காய் எண்ணெயிலேயே நாற்பது வருஷம் ஓடியதே என்ற மறுப்பு எப்போதும் வரும். ஓடியிருக்கும். அந்த வண்டிகள் பலவற்றில் செயினை முழுக்க மூடிய தகர உறை இருந்தது, புழுதி உள்ளே போக வழியில்லை. அச்சுக்கு எண்ணெய் விடத் தனித் துளையும் அதற்கு மூடியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்துக்கு ஒருமுறை சைக்கிள் கடையில் ஓவராயில் நடந்தது. கடைக்காரர் வண்டியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பால்ஸை எறிந்து புதியது போட்டு, கிரீஸ் வைத்து, கோனை அளந்து முறுக்கிக் கொடுத்தார். வண்டியைக் காப்பாற்றிய புகழ் அவருக்குப் போக வேண்டியது, கிண்ணத்து எண்ணெய்க்குப் போய்விட்டது. ஓடாமல் போன வண்டிகள் பழைய இரும்புக்குப் போனதால் அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணினாலே கோளாறின் வீடு தெரிந்துவிடும். மிதி ஒரு சுற்றுக்கு ஒரு ‘கடக்’ என்றால் பெடலோ கிராங்க்கைப் பிடிக்கும் காட்டர் பின்னோ தளர்ந்திருக்கிறது. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரம். மிதி இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால், 44 பல்லும் 110 கண்ணியும் உள்ள வண்டியில், செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று பொருள். இந்த மூன்றில் எண்ணெய் கேட்பது மூன்றாவது மட்டும்தான். காட்டர் பின் ஆப்பு மாதிரி இறுகிப் பிடிக்க வேண்டிய பொருள். அங்கே எண்ணெய் விட்டால் சத்தம் இரண்டு நாள் அடங்கும், அதற்குள் பின்னின் தட்டையான முகம் நசுங்கி கிராங்க்கின் துளையையும் கெடுத்துவிடும். தேய்ந்த செயினையும் எண்ணெய் காப்பாற்றாது. 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றாமல் ஓட்டுவது ஃப்ரீவீலின் பல்லையும் சேர்த்துத் தின்னும்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். கீலின் கிறீச்சுக்கு எண்ணெய் சரியான மருந்து, அதில் சந்தேகமில்லை. மழைக்காலத்தில் மட்டும் வரும் சத்தத்துக்கு அது மருந்தல்ல. மரம் உப்பி, கதவு நிலையில் உரசுகிறது. கதவின் ஓரத்தில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறந்தால் எங்கே அழிகிறதோ அங்கே இழைக்க வேண்டும். அதற்கும் முன்னால் மேல் கீலின் திருகுகள் கழன்று கதவு தொங்குகிறதா என்று பாருங்கள். பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடவே கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டானாலும் சரி, கடையில் வாங்கிய எந்தப் பூட்டானாலும் சரி, உள்ளே இருக்கும் நெம்புத் தகடுகளும் சுருள்வில்களும் எண்ணெயில் ஊறிய தூசியில் சிக்கிக்கொள்ளும். சாவியின் பற்களில் மென்மையான பென்சிலால் அழுத்தி எழுதி, பலமுறை நுழைத்து எடுத்தால் போதும், பென்சிலின் கிராஃபைட் தூசி பிடிக்காத மசகு. மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்கும் எண்ணெய் மருந்தல்ல. பேரிங் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டது. மேலிருந்து விட்ட எண்ணெய் காயிலில்தான் இறங்கும். வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் வலுவிழந்த கெபாசிட்டர். எலக்ட்ரீஷியன் மாற்றிக்கொடுக்கக் கால் மணி நேரம் ஆகாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிரேக் பிடித்தால் வண்டி அலறுகிறது என்று கட்டையிலோ ரிம்மிலோ எண்ணெய் தொட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் உடனே நின்றுவிடும், கூடவே பிரேக்கும். பிரேக் வேலை செய்வதே உராய்வால். போதாக்குறைக்கு, கனிம எண்ணெய் ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். அலறலுக்குக் காரணம் ரிம்மில் படிந்த அழுக்கு, முகம் வழவழவென்று இறுகிய கட்டை, அல்லது கட்டை சற்றே கோணிய நிலை. ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, முன்முனை முதலில் தொடும்படி திருகைச் சரிசெய்தால் அடங்கும். குரோமிய முலாம் போட்ட இரும்பு ரிம் மழையில் நனைந்தாலே பிடிமானம் பல மடங்கு குறைகிறது, அதற்கு மேல் எண்ணெயும் சேர்ந்தால் வண்டியை நிறுத்த வழியில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டிப் போகிற விலையில்லா மிதிவண்டிக்குச் செயினில் எண்ணெய் விடும்போது ரிம்முக்குக் குறுக்கே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட பிரேக் கட்டையைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், புதியது மாற்றிவிடுங்கள்.