ரேஷன் அட்டையும் ரகசிய எண்ணும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

விஞ்ஞானம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட காலம் இது என்பார்கள். எங்கள் விளாங்குடி வீட்டில் அது அரிசி டின்னுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் தமிழக அரசு ரேஷன் புத்தகத்துக்குப் பதிலாக மின்னணு அட்டை வழங்கத் தொடங்கியது. எங்களுக்கு வந்த அட்டையை அம்மா மஞ்சள் பையில் சுற்றி அந்த டின்னில்தான் வைத்திருக்கிறார். அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனால் அட்டையில் உள்ளதெல்லாம் எங்கோ ஒரு கணிப்பொறியிலும் இருக்கிறதே! அதற்கு அம்மா காவல் இருக்க முடியுமா?

2021-ஆம் ஆண்டின் நடுவில், தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேருடைய விவரங்கள் இணையத் திருடர்கள் கூடும் இடமொன்றில் கிடப்பதாக, டெக்னிசாங்க்ட் என்னும் பெங்களூர் நிறுவனம் அறிவித்தது. ஆதார் எண், குடும்பத்தார் விவரம், உறவு முறை, செல்போன் எண் எல்லாம் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எப்படி மாற்றுவது? போனது போனதுதான். ஆகவே, நம்மைப் பற்றிய விவரம் வெளியில் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே நாம் நடக்க வேண்டியிருக்கிறது. இதை நான் படித்து எழுதவில்லை, பட்டு எழுதுகிறேன்.

என் தந்தை பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் வீட்டுக்கு எந்தக் கடிதம், எந்தக் குறுஞ்செய்தி வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. முதலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மாலையில் அம்மாவின் செல்போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. கல்வி உதவித்தொகை தருகிற இடத்திலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். என் பெயர், அப்பா பெயர், நான் படிக்கும் வகுப்பு எல்லாவற்றையும் பிழையின்றி ஒப்பித்தான். "எல்லாம் சரியாத்தான் சொல்றாரு பாப்பா, நீ பேசு" என்று அம்மா என்னிடம் கொடுத்தார். அவன் வாட்ஸ்அப்பில் ஒரு கியூ.ஆர். கட்டத்தை அனுப்பி, அதைப் படம் பிடித்து ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் வரவாகும் என்றான். அழுத்தினேன். கணக்கிலிருந்த 4,200 ரூபாய் போயிற்று. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் விவரம் எந்த ஏட்டிலிருந்து அவன் கைக்குப் போயிற்று என்று சொல்வதற்கில்லை. செல்போன் கடை, டியூஷன், ஜெராக்ஸ் கடை என்று எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! நான் ஏமாந்தது வேறோர் இடத்தில். பெயர் தெரிந்தவன் உரிய ஆளாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டினேனே, அந்த இடத்தில். கணிதம் படிக்கிறவள் செய்யக்கூடிய தருக்கமா இது?

சற்றே கணக்குப் பார்ப்போம். நாலிலக்க ரகசிய எண்கள் மொத்தம் 10,000 மட்டுமே. கணிப்பொறிக்கு இது ஒரு நொடி வேலையும் இல்லை. ஆயினும் திருடன் ஊகித்துப் பார்ப்பதில்லை. சில முறை தவறினால் வங்கி பூட்டிவிடும். எனவே நம்மையே அழுத்த வைக்கிறான். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் 4,200 ரூபாய் மிச்சம்.

கடவுச்சொல்லின் கதை வேறு. ஒழுங்காக நடத்தப்படும் நிறுவனங்கள் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. 'ஹாஷ்' என்னும் முறையில் அரைத்து, மாவாக வைக்கின்றன. மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆனால் அந்த மாவைத் திருடியவன், தன் வீட்டில் ஒவ்வொரு சொல்லாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பூட்டுவதற்கு வங்கி இல்லை. எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆகக்கூடிய சொற்கள் சுமார் 20,882 கோடி. வினாடிக்கு 100 கோடி அரைக்கும் பொறிக்கு மூன்றரை நிமிட வேலை! பன்னிரண்டு எழுத்தாக்கினால் அதே பொறிக்கு மூன்று ஆண்டு ஆகும். ஆனால் எழுத்துகள் குருட்டாம்போக்கில் அமைய வேண்டும். ஊர்ப் பெயரும் நடிகர் பெயரும் முதல் நிமிடத்திலேயே அரைபட்டுவிடும். ஒரே சொல்லைப் பத்து இடத்தில் வைத்திருப்பவருக்கு ஓரிடத்தில் போனால் பத்திடத்திலும் போனதாகும். (நம் வகுப்பில் பாதிப்பேர் இந்த ரகம்.)

2019 அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது. கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணிப்பொறி ஒன்றில் கேடு செய்யும் நிரல் புகுந்திருந்தது. நிலையத்தின் முக்கியக் கட்டமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்று கழகம் கூறியது. பிரித்து வைப்பது அணு உலைக்கு மட்டும்தானா? அப்பாவின் சீட்டுப் பணம் இப்போது செல்போனோடு இணைக்காத தபால் நிலையக் கணக்கில் இருக்கிறது. செல்போனோடு சேர்ந்த கணக்கில் கைச்செலவுக்கு மட்டும்.

1930 என்ற எண்ணுக்கு நான் மறுநாள் மாலைதான் பேசினேன். வெட்கம் ஒரு நாளைத் தின்றுவிட்டது. திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. கணக்குக் கணக்காகத் தாண்ட விடுகிறான். அது தாண்டுவதற்குள் சொன்னால்தான் வங்கிகள் நிறுத்தி வைக்க முடியும். என் பணம் வரவில்லை.

"ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே" என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எண் கேட்பது முறைதான். எனவே எண்ணை மட்டும் பார்க்காமல், அது எதற்கென்று குறுஞ்செய்தி முழுவதையும் படிக்கவேண்டும் என்று திருத்திச் சொன்னேன். அம்மா தமக்கென ஒரு விதி வைத்துக்கொண்டார். சென்ற வாரம் தெருமுனையிலிருந்து ஒருவர் பேசி எண்ணைக் கேட்டிருக்கிறார். "எம் பேரு தெரியும்னா சரி தம்பி. சிலிண்டர வீட்டுல இறக்குங்க, எண்ணச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவர் மெய்யாகவே கேஸ்காரர்தான். மூன்றாம் சந்துவரை சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.