மூட்டையின் இரண்டாவது எண்

மீன் தீவன மூட்டையில் 28/4 என்றோ 32/5 என்றோ அச்சடித்திருப்பார்கள். முதல் எண் புரதம். கடையில் பேரமெல்லாம் அதை வைத்துத்தான். இரண்டாவது எண் கொழுப்பு. கட்லா, ரோகு வளர்க்கிற நான் அதையும் பார்க்காமல் மூட்டையைத் தூக்குவதில்லை. ஒரு கிராம் கொழுப்பில், புரதத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. நீந்த, மூச்சுவிட வேண்டிய தெம்பு கொழுப்பிலிருந்து கிடைத்தால்தான் விலை கொடுத்து வாங்கிய புரதம் சதையாகும். இல்லையென்றால் மீன் புரதத்தையே எரித்துத் தீர்க்கும், குளத்தில் அம்மோனியாவும் ஏறும்.

அதற்காகத் தீவனத்தில் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து போடுவதும் சரியில்லை. கெண்டை இனங்களுக்கு 6 முதல் 8 சதவீதம் தாராளம். மிஞ்சினால் குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திரண்டுவிடும். வீச்சு வலையில் விழுந்ததில் ஒன்றிரண்டை அறுத்துப் பாருங்கள். தராசில் ஏறிய எடை சதையா, சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போகிற கொழுப்பா என்பது தெரிந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். திலேப்பியாவுக்குப் பெரும்பாலும் ஒமேகா-6 போதும். கெண்டைக்கு ஒமேகா-3யும் வேண்டும், கடலைப் புண்ணாக்கில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். பச்சை பிடித்த குளமென்றால் பாசியும் நுண்ணுயிர்களும் அதை ஈடுகட்டும். சிமெண்ட் தொட்டியில் வளர்ப்பவர்தான் கவலைப்பட வேண்டும். கொடுவா வேறு சாதி. அதற்கு மீன் எண்ணெய் இல்லாமல் சரிப்படாது.

நம் பக்கம் அதிகம் ஏமாற்றுவது தவிடு. மில்லில் வாங்கும் பச்சைத் தவிட்டில் 15 சதவீதம்கூட எண்ணெய் இருக்கும். எண்ணெய் எடுத்த தவிட்டில் 1 சதவீதம் தேறினால் பெரிது. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் வளர்ச்சி எப்படி ஒரே மாதிரி இருக்கும்? பச்சைத் தவிட்டில் இன்னொரு தொல்லை. நெல்லைத் தீட்டியதுமே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் புதுத் தவிடு லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். பழசில் காறல் வாடை, நுனிநாக்கில் வைத்தால் கசப்பு. காறிய கொழுப்பு மீனின் உடம்பிலுள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். ஜப்பானில் எண்ணெய் கெட்டுப்போன பட்டுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதையே வற்றிப்போனது.

"மொத்தமா எடுத்தா வெலய கொறச்சுத் தரேண்ணே" என்பார் மில்காரர். வாரத் தேவைக்கு மேல் ஒரு மூட்டைகூட நான் எடுப்பதில்லை. அவருக்கு என்மேல் வருத்தம்தான்.