குளம் உறைவதற்கு முன் ஃபில்டரை என்ன செய்வது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நான்கடி ஆழத்தில் குளம் கட்டி, ஆறு கோய் மீன் வளர்க்கிறோம். கரையில் பெட்டி ஃபில்டர் இருக்கிறது. உள்ளே ஸ்பாஞ்ச், பயோ பால், யூவி விளக்கு. குளம் கட்டியபின் வரும் முதல் குளிர்காலம் இது. ஃபில்டரை நிறுத்தினால் நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஓடவிட்டால் உறைந்து வெடிக்கும் என்கிறார்கள் கடையில். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: கடைக்காரர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் டொரொன்டோ குளிருக்கு வெளியில் நிற்கும் பெட்டி ஃபில்டர் தாங்காது.

பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. ஆனால் தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இரண்டுமே மந்தமாகிவிடும். 4, 5 டிகிரியில் ஏறக்குறைய வேலையே நடக்காது. அந்தக் குளிரில் மீனும் சாப்பிடுவதில்லை என்பதால் அம்மோனியாவும் சொற்பம்தான். ஆக, ஜனவரியில் ஃபில்டர் ஓடிப் பயனில்லை. தொல்லைதான் உண்டு. 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது. அது அடியில் தங்க, மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். அடியில் கிடக்கும் பம்ப் அந்தத் தண்ணீரை இழுத்து, வெளிக்குளிரில் ஓடவிட்டு, இன்னும் குளிரவைத்துத் திருப்பிக் கொட்டும்.

காலண்டரைப் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள். 15 டிகிரிக்குக் கீழே வந்ததும் தீனியைக் குறைத்து, எளிதில் செரிக்கும் கோதுமை முளைத் தீனிக்கு மாறுங்கள். 10 டிகிரியில் அடியோடு நிறுத்துங்கள். மேப்பிள் இலை கொட்டுமுன் குளத்தின் மேல் வலை கட்டிவிடுங்கள். அடியில் அழுகும் இலை ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

தீனியை நிறுத்தியபின் ஃபில்டர். நிறுத்துவதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவதல்ல. பலர் செய்யும் பிழை இதுதான். ஓட்டமில்லாத பெட்டிக்குள் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். உங்கள் நல்ல பாக்டீரியா மடிய, வேறு ரகம் குடியேறி ஹைட்ரஜன் சல்பைடைக் கிளப்பும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். வசந்தத்தில் யாராவது யோசிக்காமல் சுவிட்சைப் போட்டால் அந்த விஷம் நேராகக் குளத்துக்குள் போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் பெட்டியும் விரிசல் விடும். யூவி விளக்கின் குவார்ட்ஸ் குழாய்தான் முதலில் போகும். அதைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பெட்டி, ஹோஸ் எல்லாவற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வடித்துவிடுங்கள். பம்பைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, உறையாத இடத்தில் வைத்தால் அதன் சீல் காயாது.

பாக்டீரியா ஒட்டியிருக்கும் பயோ பால் உருண்டைகளில் பாதியை வெங்காய வலைப்பையில் கட்டிக் குளத்திலேயே தொங்கவிடுங்கள். முழுப் படையும் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் விதைக்குக் கொஞ்சம் மிஞ்சும். அலசுவதைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். டொரொன்டோ குழாய் நீரில் இருப்பது குளோரமைன். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் போய்விடும் சரக்கல்ல அது, பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பாட்டில் பாக்டீரியாவுக்கு இப்போது காசைக் கரியாக்காதீர்கள்.

ஃபில்டருக்குப் பதிலாக ஒரு ஏர் பம்ப் போதும். ஏர் ஸ்டோனை அடியில் போடாமல் ஒன்றரை அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள், மேலே ஐஸில் ஒரு துளை திறந்தே இருக்கும். கடுங்குளிரில் அதுவும் மூடிக்கொண்டால் சூடான பானையை ஐஸ் மேல் வைத்து உருக்குங்கள். சுத்தியலால் உடைக்க யாரையும் விடாதீர்கள். அந்த அதிர்ச்சி மீனைத் தாக்கும்.

வசந்தத்தில் தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டி நிலைத்தபின் ஃபில்டரைக் கழுவி ஓட்டுங்கள். பாக்டீரியா பழைய பலத்துக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரமாவது ஆகும், ஆனால் மீனுக்குப் பசி அதற்கு முன்பே வந்துவிடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை, மீன்கள் எவ்வளவு வாயைப் பிளந்தாலும் தீனியைக் கூட்டாதீர்கள்.