பிழையும் சேதமும்

 

மருமகனே, நீ பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரு ரூபாய் நாணயம் நேற்று வந்து சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் உருவம் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறிக் குழிந்திருப்பதைக் கண்டு, அக்கசாலையில் நேர்ந்த அபூர்வப் பிழையென்று நம்பி, உபகாரச் சம்பளத்திலிருந்து 800 ரூபாய் கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறாய். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காலை முழுவதும் அதனைப் பார்த்தேன். என் முடிவைச் சொல்லுமுன், அந்த முடிவுக்கு வந்த வழியைச் சொல்கிறேன். அடுத்த நாணயத்தை நீயே பார்த்தாக வேண்டுமல்லவா?

நாணயத்தில் விகாரம் ஒன்றைக் கண்டால் வியப்பதற்கு முன்பு, எந்த யந்திரம் எந்தக் கட்டத்தில் இதனைச் செய்திருக்கக் கூடும் என்று கேள். முதலில் அச்சு உருவாகிறது. பிறகு தகட்டிலிருந்து வில்லை வெட்டி, அதன் ஓரத்தை உருட்டி உயர்த்துகிறார்கள். கடைசியில் மேலச்சும் கீழச்சும் ஒரே கணத்தில் அழுத்த, சுற்றி நிற்கும் வளையம் உலோகத்தைப் பக்கவாட்டில் பரவவிடாமல் தடுக்கிறது. பிழையென்பது இக்காரியங்களுள் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் நேர்ந்ததெல்லாம் சேதமே.

ஓரம் பிறைபோல் குறைந்த நாணயத்தை எடுத்துக்கொள். வெட்டுக்கருவி முன்பு வெட்டிய துளையின்மேல் ஏறி விழுந்ததால் குறைந்த வில்லையானால், அந்தக் குறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம்; ஓரத்தை உருட்டுகையில் குறைந்த இடத்தில் பிடிப்பில்லாமையால் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குன்றிவிடுகிறது. அரத்தால் அராவியவனுக்கு இந்த எதிர்ப்புறத்து ரகசியம் தெரியாது. தராசு இங்கே உதவாது. இருவகையிலும் எடை குறையும்.

எழுத்து இரட்டித்திருப்பதிலும் பேதம் உண்டு. 1955-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா அக்கசாலையில், அச்சைச் செய்யும்போதே மூலப்பதிப்பு சற்றுத் திரும்பிய நிலையில் மறுமுறை பதிந்துவிட்டதால், அந்த அச்சில் வந்த சென்ட் நாணயங்களிலெல்லாம் ஆண்டும் எழுத்தும் இரண்டிரண்டாக, இரண்டும் உருண்டு திரண்டு நின்றன. 20,000-க்கு மேற்பட்டவை புழக்கத்துக்குப் போயின. அடிக்கும் கணத்தில் தளர்ந்த அச்சு அசைந்ததால் எழுத்தின் ஓரம் படிக்கட்டுபோல் தட்டையாக நசுங்குவது வேறு. அது அக்கசாலையிலேயே நேர்ந்தாலும் சேகரிப்போர் அதற்குத் தனி விலை தருவதில்லை.

சேதமெல்லாம் இழிவென்றும் எண்ணிவிடாதே. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் சக்கரவர்த்தி முகத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. யாரோ வேண்டுமென்றே வெட்டிய அந்த வெட்டு, காசைப்போலவே சரித்திரத்துக்கு அரிய சாட்சியம். வெட்டை வெட்டென்றே சொன்னதனால்தான் அறிஞர்களால் அதனை ஆராய முடிந்தது.

இனி உன் நாணயம். முன் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, தானே அச்சாகி அடுத்த வில்லையை அழுத்துவதால் குழிந்த பிம்பம் உண்டாவது மெய்யே. ஆனால் அப்போது ஒரு பக்கத்தில் சிங்கமுகம் மேலெழுந்து நின்றால், வழக்கமாக மறுபக்கத்தில் அதே சிங்கமுகம்தான் குழிந்திருக்கும். உன்னுடையதில் குழிந்திருப்பதோ 1 என்னும் எண். அந்தக் குழிவினடியில் நாணயத்தின் சொந்த எண்ணும் தானியக் கதிரும் மங்கலாகத் தெரிகின்றன. மறுபக்கத்துச் சிங்கங்கள் நசுங்கித் தட்டையாகிவிட்டன. எடை 4.85 கிராம், சரியாகவே இருக்கிறது. விட்டம் மட்டும் 25 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. தடுப்பு வளையமின்றி அடிக்கப்பட்ட நாணயமும் இப்படிப் பரவும் என்பாய். பரவலாம், ஆனால் அதில் உருவம் நசுங்கியிராது. மற்றொரு ரூபாயை இதன்மேல் வைத்து, யாரோ பட்டறையில் வைஸில் இறுக்கியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் இதையெல்லாம் மரியாதையாக எடுத்துச் சொல்லிப் பணத்தைக் கேள். அவர் மறுத்தால், "நசுக்கப்பட்டது" என்று உறையின்மேல் உன் கையாலேயே எழுதி இதனை வைத்துக்கொள். பிழை நாணயமென்று சொல்லி உன்னைப்போல் இன்னொரு பிள்ளையிடம் மட்டும் விற்றுவிடாதே, அப்பா.