கட்டுமானத் தொழில்நுட்பக் கல்வி: மேலாளர் பணிக்கு முதற்படி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் சாலையில், ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி அணை அமைந்துள்ளது. பள்ளிவாசல் புனல்மின் திட்டத்திற்கு நீர் தேக்கித் தரும் பொருட்டு எழுப்பப்பட்ட இக்கான்கிரீட் அணை 1953ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதன் உயரம் சுமார் 83 மீட்டர். நீளம் சுமார் 237 மீட்டர். சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும். பெருந்திரளாக ஒரே மூச்சில் வார்த்தால் உள்வெப்பம் தணியாமல் விரிசல் உண்டாகும். ஆகவே இத்தகைய அணைகளைத் தொகுதி தொகுதியாக, கால இடைவெளி விட்டே வார்ப்பர். எந்தத் தொகுதி முதலில், அதற்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆட்கள், மழைக்கு முன் எவ்வளவு உயரம் என்று வரிசை வகுத்து அதைக் காப்பவரே கட்டுமான மேலாளர்.

இத்தொழிலில் நுழைய விரும்பும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு: கட்டுமானத் தொழில்நுட்பமே அடித்தளம், மேலாண்மை அதன்மேல் எழும் தளம். இவ்வரிசை மாறினால் காலமும் கடனும் வீணாகும்.

மாட்டுப்பட்டி வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வருகின்றன. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது; ஓய்வு பெற்றால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கைக்கு வரும் வேளையில் பிள்ளையின் படிப்பு, குடும்பத்திற்கு ஒரு வீடு என இரு பெருஞ்செலவுகள் எதிர்நிற்கும். இரண்டையும் திட்டமிட மேலாண்மையின் மூன்று பாடங்கள் உதவும்.

காலம்

ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்திற்கு 4 வாரம், சுவருக்கு 5, கூரைத் தளத்திற்கு 4, பூச்சு வேலைக்கு 4 வாரம் எனக் கொண்டால் மொத்தம் 17 வாரம். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியவை. கதவு, சன்னல் செய்ய 6 வாரம் ஆகும்; எனினும் அடித்தளம் முடிந்தவுடன் தச்சரிடம் ஒப்படைத்தால் 10ஆம் வார இறுதியில் கிடைத்துவிடும். அவை தேவைப்படுவதோ 13ஆம் வார இறுதியில். ஆகவே தச்சர் 2 வாரம் தாமதித்தாலும் வீடு தாமதமாகாது. கூரை ஒரு வாரம் தாமதித்தால் முழு வேலையும் ஒரு வாரம் பின்தங்கும். தாமதத்தைப் பொறுக்காத பணிகளின் தொடரை முதன்மைப் பாதை எனலாம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய இம்முறையே இன்று கட்டுமான மேலாண்மையின் முதற்பாடமாக விளங்குகிறது.

இவ்வீட்டை ஜனவரி நடுவில் தொடங்கினால் மே நடுவில் முடியும். மார்ச் நடுவில் தொடங்கினாலோ, கூரை வார்க்கும் பணி மே பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுவரை செல்லும். அதாவது தென்மேற்குப் பருவமழைக்குள் போய் நிற்கும். மலைநாட்டு மேலாளருக்கு நாள்காட்டி, அளவு நாடாவுக்கு நிகரான கருவி.

பொருள்

800 சதுர அடித் தளத்தை 5 அங்குலக் கனத்தில் வார்க்க 333 கன அடி, அதாவது சுமார் 9.4 கன மீட்டர் கான்கிரீட் தேவை. 1 : 1½ : 3 விகிதக் கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை வீதம் 75 மூட்டை சிமெண்ட் வேண்டும். முன்கூட்டியே வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும்; மலையின் ஈரக்காற்றில் சிமெண்டின் வலுவும் நாளடைவில் குறையும். பிந்தி வாங்கினால் ஆட்கள் வெறுங்கூலி பெறுவர். எவ்வளவு என்பதைத் தொழில்நுட்பம் சொல்லும். எப்போது என்பதை மேலாண்மை சொல்லும். முதலாவது தெரியாதவரால் இரண்டாவதைச் சொல்ல இயலாது.

பணம்

வணிகவியல் பயின்றோர்க்கு நன்கு புரியும் பாடம் இது. ஒப்பந்தக்காரர் கூலியை வாரந்தோறும் கொடுக்கிறார். அவருக்குரிய தொகையோ, முடிந்த வேலை அளக்கப்பட்டு, எம்-புக் எனும் அளவைப் பதிவேட்டில் ஏறி, பட்டியல் ஏற்கப்பட்ட பின்னரே வருகிறது. இவ்விடைவெளியைத் தாங்க நடைமுறை மூலதனம் வேண்டும். இலாபம் தரக்கூடிய வேலையும் கைப்பணம் இல்லாமையால் பாதியில் நிற்பதுண்டு. அளவைப் பதிவேட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்த இளம் மேற்பார்வையாளரை நிறுவனங்கள் விரும்புவது இதனால்தான்.

இம்மூன்றும் சேர்ந்தாலும் நிலத்தை அறியாவிடில் பயனில்லை. மூணாறு–மறையூர்ச் சாலையிலுள்ள பெரியவரைப் பாலம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்தது. மாற்றாக அமைக்கப்பட்ட தற்காலிகப் பாலமும் பின்னர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் லயங்களைப் புதைத்து 70 உயிர்களைப் பறித்தது. சரிவின் தன்மை, நீர் வடியும் வழி, தாங்குசுவர், மண் பரிசோதனை ஆகியவற்றை அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவது இம்மலைகளுக்கே பாதுகாப்பாகும்.

படிப்பின் படிகள்

பத்தாம் வகுப்புக்குப் பின் இரு வழிகள் உள. ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு சிவில் வரைவாளர் பயிற்சி ஒன்று. பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு சிவில் டிப்ளமோ மற்றொன்று. நில அளவை, வரைபடம், மதிப்பீடு, கட்டுமானப் பொருளியல் ஆகியவை டிப்ளமோவின் பாடங்கள். டிப்ளமோ முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தமிழ்வழியில் பயின்றோர் தயங்க வேண்டுவதில்லை; அண்ணா பல்கலைக்கழகம் சிவில் பொறியியல் பட்டப்படிப்பைத் தமிழ்வழியிலும் 2010ஆம் ஆண்டு தொடங்கியது.

அடுத்த படி மேலாண்மைச் சிறப்புப் படிப்பு. 1983இல் தொடங்கப்பெற்ற புனேயின் நிக்மார் இத்துறைக்கெனவே அமைந்தது. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் சவறையில் உள்ள இந்திய உள்கட்டமைப்பு மற்றும் கட்டுமான நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. அதை நிர்வகிப்பது, 1925இல் வடகரையில் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். கூலியாட்களின் சங்கமாகப் பிறந்து, பாலங்களும் சாலைகளும் கட்டும் பெருநிறுவனமாக வளர்ந்த அச்சங்கம் மாணவர்க்கு நல்ல முன்மாதிரி. டிப்ளமோவுக்கும் மேலாண்மைப் படிப்புக்கும் இடையே ஓரிரு ஆண்டுகள் களப்பணி செய்வது நலம். அப்போது வகுப்பில் கேட்பது ஒவ்வொன்றும் கண்ட அனுபவத்தோடு பொருந்தும். கல்விக் கடனின் தொகையும் ஒரே காலத்தில் குவியாது.

கடனைத் திட்டமிடுதல்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்குத்தொகை தேவையில்லை, 7.5 இலட்சம் வரை சொத்துப் பிணையமும் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்பு உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோர்க்குப் பிணையமின்றிக் கடன் பெற வழி செய்கிறது.

ஒரு கணக்கைக் காண்போம். டிப்ளமோவுக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் வீதம் 3 இலட்சம் பெறுவதாகவும், வட்டி எளிமைக்காக 10 விழுக்காடு எனவும் கொள்வோம். தவணை விடுப்பில் 4 ஆண்டுகளில் தனிவட்டி 90,000 ரூபாய் சேரும். அதைக் கட்டாமல் விட்டால் 3.9 இலட்சத்திற்கு, 10 ஆண்டுகளுக்கு, மாதத் தவணை சுமார் 5,154 ரூபாய். முதலாண்டில் மாதம் 833, இரண்டாமாண்டில் 1,667, பின்னிரு ஆண்டுகளில் 2,500 ரூபாய் என வட்டியை அவ்வப்போது செலுத்திவந்தால், தவணை 3,965 ரூபாயாகக் குறையும். வேலையின் முதலாண்டுச் சம்பளத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

பணிக்கொடைத் தொகை முழுவதையும் கல்லூரிக் கட்டணமாகச் செலுத்துவதற்கு முன் கிளையை அணுகுக. சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுடன் வந்தால் படிப்புக்கு எவ்வளவு கடன், வீட்டுக்கு எவ்வளவு சேமிப்பு என்பதை ஒருங்கே வகுத்துக்கொள்ளலாம். சேரவிருக்கும் கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஏற்பு உண்டா என்பதைக் கட்டணம் கட்டுமுன் உறுதி செய்துகொள்க.