இழைமணியின் இரு மதில்கள்

மனிதன் உண்ணும் உணவிலிருந்து ஆற்றல் பிறக்குமிடம் வயிறு அன்று. அவன் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜன் செலவாகுமிடம் நுரையீரலும் அன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் நிகழ்வது கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களுக்குள்ளேயாகும். அவற்றுள் இத்தொழிலைப் புரியும் நுண்ணுறுப்புகளுக்கு 1898ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா என்னும் செருமானிய அறிஞர் மைட்டோகாண்டிரியா எனப் பெயரிட்டார். இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். ஆதலின் தமிழில் அவற்றை இழைமணிகள் என வழங்குவர்.

1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பலாடே முதலிய அறிஞர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் இழைமணியின் உள்ளமைப்பைக் கண்டனர். கோட்டையைச் சூழ்ந்த இரு மதில்களைப் போலப் புறச்சவ்வு ஒன்றும் அகச்சவ்வு ஒன்றும் அதற்கு அமைந்துள்ளன. அகச்சவ்வு பல மடிப்புகளாக உள்நோக்கி நீண்டிருக்கும். இச்சவ்வுகள் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனவை. கொழுப்பு மதிலாய் நின்று தடுக்கும். புரதங்களோ வாயிலாகவும் காவலாகவும் எந்திரமாகவும் தொழிற்படும். உயிரணுவின் நலமும் நோயும் பெரிதும் இப்புரதங்களைப் பொறுத்தே அமைகின்றன.

அகச்சவ்வின் தொழிலை முதலில் நோக்குதல் தகும். உணவிலிருந்து பெறப்படும் எலெக்ட்ரான்களை அச்சவ்விலுள்ள புரதத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றி, இறுதியில் ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் அகச்சவ்விற்கு அப்பால் இறைக்கப்பட்டுத் தேங்குகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகின் வழியே பாய்ந்து சுழலியை இயக்குவது போல, அப்புரோட்டான்கள் வேறொரு புரதத்தின் வழியே திரும்பப் பாய்ந்து அதனைச் சுழற்றுகின்றன. அச்சுழற்சியால் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் உண்டாகின்றது. இக்கருத்தைப் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கில அறிஞர் 1961இல் வெளியிட்டபோது பலர் ஏற்க மறுத்தனர். பின்னர் அதன் உண்மை விளங்கவே, 1978இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தொடரில் ஒரு கண்ணி பழுதுறினும் கேடு விளையும். சயனைடு என்னும் கொடிய நஞ்சு, இறுதித் தொகுதியைப் பற்றிக்கொண்டு அதனைச் செயலறச் செய்கின்றது. குருதியில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் அதனைப் பயன்கொள்ள இயலாமல் உயிரணுக்கள் மடிகின்றன.

பிறப்பிலேயே அமையும் பழுதும் உண்டு. பெரும்பாலும் இளைஞரைத் தாக்கி, ஒரு கண்ணை அடுத்து மறு கண்ணின் பார்வையையும் சில வாரங்களிலோ திங்கள்களிலோ மங்கச் செய்யும் நோயொன்றைத் தியோடர் லேபர் என்னும் மருத்துவர் 1871இல் விரித்துரைத்தார். அதன் காரணம் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. இழைமணிக்கெனத் தனி மரபுப்பொருள் உண்டு. அது தாய்வழியே வருவது. அதன் ஓரெழுத்து மாறியமையால் அகச்சவ்வின் முதற்புரதத் தொகுதி பழுதுறுவதே இந்நோய்க்கு ஒரு காரணம் என 1988இல் தெளிவாயிற்று. ஆற்றலை மிகுதியும் வேண்டி நிற்கும் கண்ணரம்பு அதனால் முதலில் நலிகின்றது.

இனிப் புறச்சவ்வின் புரதங்கள் வாழ்வையன்றிச் சாவையும் ஆள்வன. சீர்ப்படுத்த இயலாத அளவிற்கு உயிரணு பழுதுற்றால், பாக்ஸ் முதலிய புரதங்கள் புறச்சவ்வில் துளையிடுகின்றன. இரு மதில்களுக்கும் இடையே எலெக்ட்ரான்களைச் சுமந்து திரிந்த சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் அத்துளை வழியே வெளியேறி, உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தூண்டுகின்றது. ஓருயிரணுவின் சாவு இங்கே உடலின் காப்பாகின்றது. பி.சி.எல்.-2 என்னும் புரதம் அத்துளையைத் தடுப்பது. அது அளவு மீறிப் பெருகின், மாளவேண்டிய உயிரணு மாளாது. சிலவகைக் குருதிப் புற்றுநோய்களில் நிகழ்வது இதுவே.

பழுதுற்ற இழைமணியை அடையாளங்காட்டும் காவலும் புறச்சவ்வில் உண்டு. அகச்சவ்வின் மின்னழுத்தம் குன்றியதும் பிங்க்-1 என்னும் புரதம் புறச்சவ்வில் திரண்டு, பார்க்கின் என்னும் மற்றொரு புரதத்தை வரவழைக்கின்றது. அவ்விரண்டும் குறியிட்ட இழைமணியை உயிரணு செரித்துவிடும். இவற்றை ஆக்கும் மரபணுக்கள் பழுதுற்றோருக்கு இளம் வயதிலேயே நடுக்குவாதம் தோன்றுதல் கூடும்.

நோயின் வேர் அறியப்பட்டமையால் மருந்திற்கும் வழி பிறந்தது. பி.சி.எல்.-2 புரதத்தின் பிடியைத் தளர்த்தி, புற்றுநோய் உயிரணுவை மாளச் செய்யும் வெனிட்டோகிளாக்சு என்னும் மருந்திற்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தூய அறிவு வேட்கையால் சவ்வின் துளைகளை ஆராய்ந்தோரின் உழைப்பு, இங்ஙனம் நோயாளியின் படுக்கையருகே பயன் தந்து நிற்கின்றது.