ஆடும்போதே பயிற்சியாளர் ஆகு

அன்புள்ள மீனாவுக்கு,

செகந்திராபாத்திலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருஷம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடி முடித்துவிட்டுக் கோச் ஆகப்போவதாகச் சொல்கிறாய். நல்ல எண்ணம். ஆனால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்காதே.

1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, வென்றதைவிட அதிகமாகத் தோற்றார். ஆட்டத்தை அறிவது வேறு, அதைக் கற்றுக்கொடுப்பது வேறு.

பாட் சம்மிட்டைப் பற்றித் தெரிந்துகொள். 1974இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். சம்பளம் மாதம் 250 டாலர். பெண்களின் சீருடையைத் துவைத்ததும் வேனை ஓட்டியதும் அவரே. அப்போதும் ஆட்டத்தை விடவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வென்றார். 1984 ஒலிம்பிக்கில் பயிற்சியாளராகத் தங்கம். டென்னசியில் 38 சீசன்களில் 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் அணியின் விதி. கல்லூரிக் காலம் முழுக்க அவரிடம் ஆடிய பெண்கள் எல்லோரும் பட்டத்தோடுதான் வெளியே போனார்கள். கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை அதுதான், மீனா.

நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையைப் பார். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. ஒன்பது ஆசியப் போட்டித்தொடர்களில் ஆடி, பிறகு இந்திய இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2021இல் பத்மஸ்ரீ. இத்தனை காலம் ஆட முடிந்ததற்குத் தெற்கு ரயில்வே வேலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சோற்றுக்குக் கவலை இருந்தால் மைதானத்தில் கால் நிற்காது. தென்மத்திய ரயில்வேயின் தலைமையகம் உன் ஊரில்தானே இருக்கிறது? விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளைத் தவறாமல் பார்.

படிப்பும் வேண்டும். உஸ்மானியாவில் உடற்கல்விப் படிப்பு இருக்கிறது. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ இருக்கிறது. கல்லூரி வேலைக்கும் பயிற்சியாளர் வேலைக்கும் கேட்கும் தகுதி ஒன்றல்ல. இரண்டையும் விசாரித்துவிட்டு முடிவு செய்.

அதுவரை சனிக்கிழமைகளில் உன் பழைய பள்ளிக்குப் போய் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லே-அப் சொல்லிக்கொடு. யாருக்கு எந்தக் கால் தடுமாறுகிறது என்று நோட்டில் எழுதி வை. அடுத்த கடிதத்தில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுது.

அன்புடன்,
சித்தி